இரண்டாம் கியரில் ஏறுமா?

போன வருடம் ஜூனில் அக்காவுக்கு ஏற்காட்டுக்கு மாறுதல் ஆணை வந்தது. அரசுப் பள்ளி ஆசிரியை. வீடு சேலம் அஸ்தம்பட்டியில். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, கோரிமேடு தாண்டி, அடிவாரம் செக்போஸ்ட்டைக் கடந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். சாயங்காலம் அதே வழியில் இறங்க வேண்டும். ஒரு வழிக்கு 30 கிலோமீட்டர் வரும். இரண்டு மாதம் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டதும், "ஒரு சின்ன கார் பாருடா தம்பி. பழசா இருந்தாலும் சரி. மூணு லட்சத்துக்கு மேல என்னால முடியாது. நடுரோட்டுல நிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு ஏழு வாரம் அலைந்தேன். பதினொரு வண்டிகள் பார்த்தோம். அதில் ஆறு வண்டிகளை மலை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். சேலம் ஐந்து ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் கூடவே வந்தார். முப்பது வருடமாகச் சின்ன கார்களையே பார்க்கிறவர். பழைய ஹேட்ச்பேக் வாங்க நினைக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி தேடுகிறோம் என்று தெரிந்ததும் எல்லோரும் சொன்னது கம்பெனிப் பெயரைத்தான். "மாருதி எடு, கண்ணை மூடிக்கிட்டு எடு" என்றார்கள். "டொயோட்டா இன்ஜின் சாகாது" என்றார் ஒருவர். "டீசல் எடுங்க, மலைக்கு இழுவை வேணும்" என்றார் இன்னொருவர். யார் சொன்னதும் முழுப் பொய் இல்லை. ஆனால் அக்காவின் ரோடு எது என்று ஒருவரும் கேட்கவில்லை. மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் முதலில் கேட்டார்: "டீச்சர் எந்த ரோட்டுல ஓட்டுவாங்க? தினமும் எத்தனை கிலோமீட்டர்? வளைவுல எந்தக் கியர்ல திரும்புவாங்க?"

அந்த மூன்றாவது கேள்வி எனக்கு முதலில் புரியவில்லை. ஏற்காட்டு வளைவில் புரிந்தது.

கொண்டை ஊசி வளைவில் சின்ன கார் திரும்பும்போது வேகம் 15 கிலோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். இரண்டாம் கியரில் அந்த வேகம் என்றால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்றில் ஓடுகிறது என்று அர்த்தம். விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறன் எல்லாம் 5,000, 6,000 சுற்றில் கிடைப்பது. வளைவில் நமக்கு வேண்டியது 1,200 சுற்றில் இன்ஜின் என்ன கொடுக்கிறது என்பதுதான். அங்கே இழுவை இல்லை என்றால் இரண்டே வழி. முதல் கியருக்கு இறக்க வேண்டும், அல்லது பாதி கிளட்ச்சில் வைத்து இன்ஜினை உறுமவிட வேண்டும். மேலே இருந்து பஸ் வருகிறது, பின்னால் ஜீப் ஒன்று ஹார்ன் அடிக்கிறது என்றால் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டாவதைத்தான். ஒரு நாளைக்கு 20 வளைவு. வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால் 4,000 தடவை பாதி கிளட்ச். எந்தக் கம்பெனி கிளட்ச் பிளேட்டும் அதைத் தாங்காது.

உயரமும் ஒரு கணக்கு. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கருவி) இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம் திறனை இழக்கும், காற்று மெலிவதால். மேல் வளைவுகளில் வண்டி சோர்ந்தாற்போல் தோன்றுவது பிரமை இல்லை. ஏசியையும் போட்டால் சின்ன இன்ஜினுக்கு இன்னும் பாரம்.

அதனால்தான் எல்லோரும் டீசல் என்கிறார்கள் என்று நினைத்து, முதலில் ஸ்விஃப்ட் டீசலைத்தான் ஏற்றிப் பார்த்தோம். ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின் அது. மாருதி, டாடா, ஃபியட் என்று எல்லோரும் போட்டதால் "தேசிய இன்ஜின்" என்றே பெயர் வாங்கியது. 75 பி.எஸ். (குதிரைத்திறன் அளவு), 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் இழுவை. காகிதத்தில் பார்த்தால் மலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நேர் ரோட்டில் உண்மையிலேயே அப்படித்தான்: 2,000 சுற்றைத் தாண்டியதும் பின்னால் யாரோ தள்ளுவதுபோல் போகும். வளைவில் கதை வேறு. 1,200 சுற்றில் டர்போ இன்னும் விழித்திருக்காது. காலை அழுத்தினால் ஒரு நொடி, ஒன்றரை நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் திடீரென்று பாயும். எனக்குப் பழக்கம், முதல் கியருக்கு இறக்கிச் சமாளித்துக்கொண்டேன். அக்கா மூன்றாவது வளைவிலேயே வண்டியை அணைத்துவிட்டாள். ஐந்தாவது வளைவில் கிளட்ச் வாடை வந்தது. ஓட்டத் தெரியாததால் இல்லை, அவள் பதினைந்து வருடமாக ஓட்டுகிறவள். அந்த இன்ஜினுக்கும் அந்த வளைவுக்கும் ஒத்துப்போகவில்லை. அதே வண்டி சேலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வாரம் இரண்டு தடவை போகிறவருக்குக் கிடைத்தால் கொண்டாடுவார், நானும் அதைத்தான் எடுக்கச் சொல்லுவேன்.

ஃபோர்டு ஃபிகோவின் 1.4 டீசல் இந்த விஷயத்தில் சாது. திறன் 69 பி.எஸ்.தான், இழுவையும் 160தான். ஆனால் டர்போ சின்னது, கீழேயிருந்தே மெதுவாகப் பிடித்துக்கொள்ளும், தூக்கிப் போடாது. ஃபிகோ எனக்கு மனதுக்குப் பிடித்திருந்தது. ஆனால் 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலையும் மறு வருடம் மூடியாகிவிட்டது. தினமும் மலை ஏறுகிற ஒருவருக்குப் பாகத்துக்காகக் காத்திருக்கிற நிலை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

டீசலைப் பற்றி எனக்கு ஒரு சொந்த அனுபவமும் உண்டு. 2016-ல் நான் பழைய டீசல் ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஆறு கிலோமீட்டர். இன்ஜின் சூடாவதற்குள் அலுவலகம் வந்துவிடும். ஒன்றரை வருடத்தில் கறுப்புப் புகை, பிக்கப் போய்விட்டது. பட்டறையில் இன்டேக் குழாயைக் கழற்றிக் காட்டினார்கள். இரண்டு விரல் நுழைய வேண்டிய வழியில் தார்போலக் கரி அப்பி, சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. டீசல் இன்ஜினில் புகையின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளேயே அனுப்பும் ஈஜிஆர் வால்வு இருக்கிறது. குறைந்த தூரம், குறைந்த சூடு, மெதுவான ஓட்டம் என்று ஓட்டினால் அந்தக் கரி எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து படிந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்டியிருந்தால் இவ்வளவு படிந்திருக்காது. அந்த இன்ஜின் கெட்ட இன்ஜின் இல்லை. நான்தான் அதைத் தவறான வேலைக்கு வைத்திருந்தேன்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. "நம்பகமான இன்ஜின்", "ஓட்டச் சுகமான இன்ஜின்" என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். வாங்குகிறவர்கள் நம்பகத்துக்கு அதிக மார்க் போட்டு, ஓட்டும் சுகத்தை ஆசை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் நம் ரோட்டில் சிரமமில்லாமல் ஓடும் இன்ஜினைத்தான் நாம் வதைக்காமல் ஓட்டுவோம். வதைபடாத இன்ஜின்தான் நிற்காமல் ஓடும். கீழ்ச் சுற்றில் இழுக்காத வண்டியில் கிளட்ச் தேயும். மைலேஜுக்காக டாப் கியரிலேயே உருட்டுகிறவர் கையில் நல்ல இன்ஜினும் முக்கி முனகி, நாளடைவில் பேரிங் அடி வாங்கும். பழைய வண்டியில் இது இரட்டிப்பு முக்கியம். ஏனென்றால் முந்தைய ஓனர் எப்படி வதைத்தார் என்பதும் நம் கணக்கில்தான் சேரும்.

சரி, பெட்ரோலுக்கு வருகிறேன்.

ஹோண்டா பிரியோவை ஏற்றினோம். 1,198 சி.சி., 88 பி.எஸ். அந்த விலையில் அவ்வளவு மழமழப்பான இன்ஜினை நான் ஓட்டியதில்லை. ஸ்டார்ட் ஆகியிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் அதன் 109 நியூட்டன் மீட்டர் இழுவை 4,500 சுற்றில்தான் முழுசாக வருகிறது. மேலே மேலே சுற்றவிட்டால் பறக்கும். வளைவில் இரண்டாம் கியரில் கூச்சப்படும். நெடுஞ்சாலையில் வாரக்கடைசி ஓட்டும் இளைஞருக்கு இதைவிடச் சந்தோஷம் கிடையாது. பழைய பிரியோ, ஜாஸ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: இந்த இன்ஜினில் டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளியை, கையால் சரிசெய்ய வேண்டும். பல வண்டிகளில் அதை ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டார்கள். தையல் மிஷின்போல 'டிக் டிக்' என்று கேட்டால் பயப்பட வேண்டாம், விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டு, வாங்கியதும் செட்டிங் செய்துகொள்ளலாம்.

டொயோட்டா லிவா பெட்ரோல் எதிர்த் துருவம். 80 பி.எஸ்.தான், ஆனால் 104 நியூட்டன் மீட்டர் இழுவையும் 3,100 சுற்றிலேயே வந்துவிடுகிறது. இரண்டாம் கியரில் வளைவைத் திரும்பி, அப்படியே முணுமுணுக்காமல் ஏறியது. மீட்டர் நடு டேஷ்போர்டில் இருப்பது பழகச் சில நாள் ஆகும், அவ்வளவுதான். நல்ல லிவா கிடைத்திருந்தால் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். நாங்கள் பார்த்த இரண்டில் ஒன்று டாக்ஸியாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்ட வண்டி. இன்னொன்றுக்கு எங்கள் பட்ஜெட்டைத் தாண்டி விலை சொன்னார்கள்.

மாருதியின் கே10பி இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 998 சி.சி., மூன்று சிலிண்டர். 2008-ல் ஏ-ஸ்டாரில் வந்து, 2010-ல் வேகன் ஆர், ஆல்டோ கே10 இரண்டிலும் ஏறியது. 68 பி.எஸ்., 3,500 சுற்றில் 90 நியூட்டன் மீட்டர். ஆல்டோ கே10 எடை குறைந்த வண்டி என்பதால் இந்த இன்ஜினுக்கு அது பாரமே இல்லை. ஏற்காட்டில் ஆல்டோ கே10 துள்ளிக்கொண்டு ஏறியது. வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் என்பதால் அதை மாற்றும் செலவும் இல்லை. ஊருக்கு ஊர் மெக்கானிக்குகளுக்கு இதன் ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். இன்ஜினை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வதென்றால் இதற்குத்தான் என் ஓட்டு. மூன்று சிலிண்டர் என்பதால் நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு அதிர்வு இருக்கும். அளவுக்கு மிஞ்சி ஆடினால் பெரும்பாலும் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். சின்னச் செலவுதான், இதற்காக நல்ல வண்டியை விட்டுவிடாதீர்கள்.

அக்காவுக்கு முதுகு வலி உண்டு. ஆல்டோவின் தாழ்வான சீட்டில் ஏறி இறங்கச் சிரமப்பட்டாள். வேகன் ஆர் உயரம் சரியாக இருந்தது. ஆனால் நாங்கள் பார்த்த மூன்று வேகன் ஆரும் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்பதில்தான் இந்த ஏழு வாரத்தின் பாதிப் பாடம் இருக்கிறது.

அண்ணன் வண்டியைப் பார்க்கும் முறை இது. காலை ஆறு மணிக்கு வருகிறோம் என்று ஓனரிடம் சொல்லிவிடுவார். போனதும் வணக்கம் சொல்லிக்கொண்டே கையைப் பானெட் மேல் வைப்பார். சூடாக இருந்தால், "கோவிச்சுக்காதீங்க, நாளைக்கு வர்றோம்" என்று திரும்பிவிடுவார். எனக்கு முதல் தடவை சங்கடமாக இருந்தது. வழியில் விளக்கினார்: "ராத்திரி பூரா நின்ன வண்டியில ஆயில் எல்லாம் கீழ இறங்கிடும். முதல் ஸ்டார்ட்டுலதான் தம்பி அது உண்மையைப் பேசும். செயின் லூசா இருந்தா ரெண்டு செகண்டு கடகடன்னு அடிக்கும். வால்வு சீல் போயிருந்தா ஒரு கொத்துப் புகை நீலமா வரும். சூடு பண்ணி வச்சுட்டா ரெண்டும் தெரியாது."

செயின் இன்ஜின் என்றால் கவலையே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயிலை வருடக்கணக்கில் மாற்றாமல் ஓட்டினால் டென்ஷனர் தளரும், செயினும் தேய்ந்து நீளும். நாங்கள் பார்த்த முதல் வேகன் ஆரில் கேட்டது அந்தக் கடகடப்புதான். 48,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டியது. பிரேக் பெடல் ரப்பரோ நடுவில் வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. அண்ணன் அதை விரலால் தடவிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வண்டியில் ஆயில் மூடியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தண்டின் மேல் கறுப்பாக, பாயசத்துப் பாத்திரத்தில் அடிப்பிடித்ததுபோல ஒரு படலம். "தேன் கலர்ல இருந்தா நல்லா பார்த்துக்கிட்ட வண்டி. இது ஆயில் மாத்தாம டாப்-அப் மட்டும் பண்ணி ஓட்டினது." பிறகு இன்ஜின் ஓடும்போது மூடியைத் தலைகீழாக ஓட்டைமேல் வைத்தார். மூடி தட்டுத்தட்டென்று குதித்தது. பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கசிந்து மேலே வருகிறது. இன்ஜினை இறக்கினால்தான் தீரும்.

மூன்றாவது வண்டியில் கூலன்ட் டேங்கைப் பார்த்தார். பச்சையோ சிவப்போ இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் கரைத்த தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு அதிகம். கூலன்ட் வாங்கக் காசு பார்த்து யாரோ அதையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே துரு பிடித்து, ரேடியேட்டர் அடைத்து, ஒரு நாள் மலையில் ஹீட் ஆகி, ஹெட் கேஸ்கட் போவது அப்படித்தான். அலுமினியம் ஹெட் ஒருமுறை வளைந்துவிட்டால் அப்புறம் அந்த இன்ஜின்மேல் நம்பிக்கை வராது. மூன்றும் ஒரே மாடல், ஒரே நம்பகமான இன்ஜின். "மாருதி எடு, கண்ணை மூடிக்கிட்டு எடு" என்ற அறிவுரையில் கண்ணை மூடுகிற பகுதிதான் ஆபத்து.

அண்ணனின் இன்னொரு சோதனையை நான் வேறு யாரும் செய்து பார்த்ததில்லை. மலை இறக்கத்தில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரு கிலோமீட்டர் இறங்கச் சொல்லுவார். கீழே சமதளம் வந்ததும் ஒரே அழுத்தாக அழுத்தச் சொல்லிவிட்டுப் பின்கண்ணாடியைப் பார்ப்பார். இறங்கும்போது இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் மூடியிருக்கும், உள்ளே வெற்றிடம் பலமாக இழுக்கும். வால்வு சீல் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த வழியாக உள்ளே சேர்ந்துகொண்டே வரும். அழுத்தியதும் மொத்தமும் எரிந்து நீலமாகப் பொங்கும். சமதளத்தில் ஓட்டிப் பார்த்து "ஓகே" சொன்ன ஒரு வண்டியில் ஏற்காட்டு அடிவாரத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு நீல மேகம் நின்றதை நானே பார்த்தேன். கிளட்ச்சுக்கு ஏற்றத்தில் பார்ப்பார்: நான்காம் கியரில் முழுக்க அழுத்தும்போது இன்ஜின் சுற்று ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது.

சென்னைப் பதிவு வண்டி ஒன்று வந்தது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் பல கை மாறி வெளியூருக்கு வருகின்றன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். அடி முனையில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் துவைப்பதில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருக்கும். அப்போது ஓடும், ஆறு மாதம் கழித்துக் காட்டும். அந்த வண்டியின் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

கடைசியில் ஹூண்டாய் ஐ10. இதில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஐ10-ல் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் உண்டு. 1.2 கப்பா: புதியது, 16 வால்வு, 80 பி.எஸ்., 4,000 சுற்றில் சுமார் 112 நியூட்டன் மீட்டர், டைமிங் செயின். இன்னொன்று 1.1: 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவோடு வந்த இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1,086 சி.சி., சிலிண்டருக்கு 3 வால்வு, சுமார் 69 பி.எஸ்., டைமிங் பெல்ட். எல்லோரும் 1.2-ஐத்தான் தேடுகிறார்கள், அதற்கு விலையும் அதிகம். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினோம். கப்பா நல்ல இன்ஜின், நெடுஞ்சாலையில் 1.1-ஐ எளிதாக விட்டுவிட்டுப் போகும். ஆனால் 1.1-ன் இழுவை, 99தான் என்றாலும், கீழ்ச் சுற்றிலும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. வளைவில் அக்கா இரண்டாம் கியரிலேயே திரும்பினாள். கிளட்ச்சில் கால் வைக்கவில்லை. வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. ஆறாவது வளைவில் அவள் பேசத் தொடங்கிவிட்டாள், பள்ளியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி. அதுவரை ஏற்றிப் பார்த்த ஐந்து வண்டிகளிலும் ஏறும்போது வாய் திறக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள். அண்ணன் பின் சீட்டிலிருந்து என் தோளைத் தட்டினார்.

ஆட்டோமேட்டிக் வேண்டாமா என்று அக்கா மகள் கேட்டாள். 2014-ல் செலேரியோவில் வந்ததிலிருந்து, தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டி சின்ன கார்களில் பரவிவிட்டது. டவுன் நெரிசலுக்கு அது வரம். உள்ளே இருப்பது அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட், காலுக்குப் பதில் ஒரு இயந்திரம் மிதிக்கிறது. வளைவின் நடுவில் அது கியர் மாற்ற யோசிக்கும் அந்த அரை நொடி மலையில் எனக்குப் பிடிக்கவில்லை. கைமுறைக்கு மாற்றி ஓட்டலாம்தான். தினமும் மாற்ற வேண்டும் என்றால் மேனுவலே எடுத்துவிடலாம்.

எடுத்தது 2013 ஐ10, 1.1. ஒரே ஓனர், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். 52,000 கிலோமீட்டர், ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தார். ஆயில் மூடிக்குள் தேன் நிறம். விலை 2 லட்சத்து 35 ஆயிரம். ஆர்சி மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் தனி.

வாங்கியதும் செய்த முதல் வேலை டைமிங் பெல்ட் மாற்றியது. கிலோமீட்டர்படி பார்த்தால் இன்னும் ஓடியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. பத்து வருடத்துக்கு மேல் ஆன பெல்ட். அண்ணன் கழற்றி என் கையில் கொடுத்தார். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்பக்கமாக மடக்கினால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் முடி அளவுக்குக் கோடுகள், எண்ணி ஒன்பது இடத்தில். ஒரு ஓரத்தில் நூல் பிரிந்து வெளியே வந்திருந்தது. இது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே போய்த் திறந்திருக்கும் வால்வை அடித்துவிடும். இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும், அதுவும் நடு வளைவில் நின்ற பிறகு. பெல்ட், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது. ஆல்டோ 800, சான்ட்ரோ, பழைய 1.3 ஸ்விஃப்ட் பெட்ரோல், ஃபிகோ 1.4 டீசல், இவையும் பெல்ட் இன்ஜின்கள்தான். மாற்றிய பில் கையில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் குழாய்களையும் அப்போதே மாற்றிவிட்டோம். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரை அதற்காகச் செய்யவில்லை. மைலேஜும் ஓரளவு குறையும், பழைய வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது.

ஒரு வருடம் ஆகிறது. 13,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஏறக்குறைய எல்லாமே அந்த மலையில். மைலேஜ் 14-ஐ ஒட்டி வருகிறது. பிரேக் பேட் ஒருமுறை, ஆயில் இரண்டு முறை மாற்றினோம். 7,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார் அண்ணன், மலை வண்டி என்பதால். போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது கிளட்ச் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பெடலைக் கையால் இரண்டு தடவை அமுக்கி, பிடிக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர் வளைவுல காலே வைக்கிறதில்லை போல" என்றார்.